பாஸ்கல் கொடுத்த முதல் கவளம்

வாயில் போட்ட சோற்றின் ருசியே தெரியாதவன், அந்தச் சோற்றுக்காகச் சர்வேசுரனுக்கு எதைச் சொல்லி நன்றி சொல்வது?

சமையல்காரர் பாஸ்கல் ஒருநாள் இப்படிக் கேட்டார். அப்போதுதான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த கேள்விகளில் இது இல்லை. அவரும் என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. தம் கதையைத் தொடங்கத்தான் கேட்டார். அவர் சொன்னதையும், நடுநடுவே அவர் சம்சாரம் செபாஸ்தியம்மாள் திருத்தியதையும், பிற்பாடு பேகம்பூர் ஜெய்தூன் பீவி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பாஸ்கல் பெயர்போன சமையல்காரர். திண்டுக்கல் டவுனில் வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் வீட்டுக் கல்யாணமோ, பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மையோ, ஆட்டுக்கறி பிரியாணி என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயச் சம்சாரிகள்கூட வண்டி அனுப்பி அழைத்துப் போவதுண்டு. அவருடைய மூக்கும் நாக்கும் அப்படி. தெருமுனையில் வரும்போதே, எந்த வீட்டில் பருப்பு அடிப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால், கொத்தமல்லி போன மாதத்துச் சரக்கா, இந்த மாதத்துச் சரக்கா என்று தெரிந்துவிடும்.

வீட்டில் அந்த நாக்கே வினையாக இருந்தது.

செபாஸ்தியம்மாள் நல்ல கைப்பக்குவம் உள்ளவள்தான். ஆனால் எது வைத்தாலும் பாஸ்கலுக்கு ஒரு குறை. ரசத்தில் மிளகு முந்துகிறது, கீரையில் பூண்டு பிந்துகிறது, கருவாட்டை இன்னும் கொஞ்சம் அலசியிருக்கலாம். அவர் திட்டமாட்டார், கை ஓங்கமாட்டார். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைச் சும்மா இரண்டு விரல் தூரம் தள்ளுவார். அவ்வளவுதான். அந்த இரண்டு விரல் தூரத்துக்குப் பயந்து, கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவள் அடுப்படி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் கவளம் இறங்கி, தட்டு நகராமல் இருந்தால்தான் மூச்சு விடுவாள். ஒரே மகளை வேடசந்தூரில் கட்டிக் கொடுத்து, சம்பந்தி வீட்டார் முதல் தடவை விருந்துக்கு வந்தபோது, அவர்கள் எல்லாரும் பார்க்கத் தட்டைத் தள்ளிவிட்டு, "குழம்பு நான் வச்சதில்ல, தப்பா நினைக்காதீங்க" என்று சிரித்தார். அன்று செபாஸ்தியம்மாள் சாப்பிடவில்லை. அதைப் பாஸ்கல் கவனிக்கவும் இல்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் தேசமெல்லாம் ஃபுளூ காய்ச்சல் பரவியது. திண்டுக்கல்லிலும் வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தார்கள். பாஸ்கல் கடுமையாகப் படுத்துவிட்டார். செபாஸ்தியம்மாள் கஞ்சியும் சுக்குத் தண்ணீருமாகக் கொடுத்து, ஈரத்துணி போட்டு, செபமாலையைக் கையிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்தவருக்குக் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தாள். பாஸ்கல் ஊறுகாயை நாக்கில் வைத்தார். ஈரத்துணியை வைத்ததுபோல இருந்தது. உப்பு இல்லை, புளிப்பு இல்லை, காரம் இல்லை. காய்ச்சல் வாய் என்று நினைத்தார். நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். தீபாவளி வந்து போயிற்று, கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, மூக்குக்கு வாசனையும் திரும்பவில்லை, நாக்குக்கு ருசியும் திரும்பவில்லை.

ஒரு தச்சனுக்குக் கை போனதுபோல, பாட்டுக்காரனுக்குத் தொண்டை போனதுபோல ஆயிற்று. வெளியே சொன்னால் எவன் கூப்பிடுவான்? நாக்குச் செத்த சமையல்காரன் என்று பெயர் வந்துவிட்டால் பிறகு வீட்டில்தான் உட்கார வேண்டும். ஆகவே பாஸ்கல் யாரிடமும் சொல்லவில்லை, சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லை.

எப்படிச் சமாளித்தார் என்றால், கண்ணாலும் காதாலும் சமாளித்தார். வெங்காயம் சிவக்கும் நிறம், எண்ணெய் பிரியும் சத்தம், சோறு துடுப்பில் ஏறும் கனம். உப்புக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்துக்கொண்டு அளந்து போட்டார். கல்யாண வீடுகளில், இறக்குவதற்கு முன்னால் ஒரு கரண்டியைப் பெண் வீட்டுப் பெரியவரிடம் நீட்டி, "நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்க வீட்டு விசேஷம், உங்க நாக்குதான் பெருசு" என்பார். முன்பெல்லாம் அடுப்புப் பக்கம் யாரையும் அண்டவிடாத மனுஷன். இப்போது இப்படிப் பேசுவதைக் கேட்டு, பாஸ்கலுக்குத் தன்னடக்கம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். செபாஸ்தியம்மாள் வைத்ததைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். தட்டு நகரவே இல்லை. முதல் சில நாள் அவள் நிலைக்கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கதவை விட்டாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகளைப் பற்றியும் தெருவைப் பற்றியும் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் அவசரத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகு, தான் வாயில் வைத்தபோதுதான் அறிந்தாள். உப்பில்லாத ரசத்தையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறாரே என்று அடுப்படியில் நின்று அழுதாள். பாஸ்கலுக்கு இது எதுவும் தெரியாது.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் தம்முடைய கோபம்தான். அது சர்வேசுரன்மேல் இருந்த கோபம். எத்தனை செபஸ்தியார் திருநாளுக்கு அடுப்பில் வெந்திருப்பேன், எத்தனை ஏழைக்குச் சோறு ஆக்கிப் போட்டிருப்பேன், என் தொழில் நாக்கையா எடுக்க வேண்டும்? சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வதை விட்டுவிட்டார். ஞாயிறு பூசைக்குப் போவார். எல்லாரோடும் முழந்தாளிடுவார். ஆனால் உதடு அசையாது.

இப்படி இருக்கிறவருக்கு வருஷா வருஷம் ஒரு சோதனை வந்தது. அது அசனம், திருநாள் அன்று ஊருக்கே போடும் பொதுச் சாப்பாடு.

பாஸ்கல் குடியிருந்த தெருவின் சின்னக் கோயில் புனித செபஸ்தியாருக்கு உரியது. தை மாதத்தில் திருநாள். அன்று நேர்ச்சை ஆடுகளும் கோழிகளும் வரும். வீட்டுக்கு வீடு அரிசி வரும். சீரகச்சம்பாவும் வரும், ரேஷன் அரிசியும் வரும். எல்லாம் ஒரே தேக்சாவில் விழும். வேதக்காரர் அல்லாத சம்சாரிகளும் சின்ன வெங்காயத்தை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தங்களுக்கும் ஒரு நேர்ச்சை உண்டு என்பார்கள். அந்த அசனத்துக்கு அங்கே ஒரு வழக்கம். ஆக்குகிறவர் எவரும் முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாது. பங்குச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்த பிறகு, ஜனங்கள் பந்தியில் காத்திருக்க, தலைமைச் சமையல்காரர் முதல் கவளத்தை எடுத்துச் சாப்பிட்டு, "நல்லா இருக்கு. சர்வேசுரனுக்கு நன்றி தோத்திரம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இலையில் சோறு விழும்.

காய்ச்சலுக்குப் பிந்திய இரண்டு திருநாளிலும் பாஸ்கல் அப்படியே சொன்னார். மென்றது பஞ்சு. "நல்லா இருக்கு" என்றது பொய். "நன்றி" என்றது அதைவிடப் பெரிய பொய். கல்யாண வீட்டில் சொல்லும் பொய்க்கு அவர் வருந்தியதில்லை. கோயில் வாசலில், ஜனங்கள் முன்னால், பீடத்துக்கு நேரே நின்று சொன்ன பொய் மட்டும் தொண்டையில் முள்ளாய் நின்றது. அடுத்த தையில் மறுபடியும் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பு வருஷம் முழுக்க அவரைத் தின்றது.

மூன்றாம் திருநாள் நெருங்கியபோது, மசாலாவுக்காகப் பேகம்பூர் போனார். ஜெய்தூன் பீவி அங்கே இருந்தாள். புருஷன் இல்லாதவள். மசாலா இடித்துப் பல சமையல்காரர்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். பாஸ்கலுக்கும் அவளுக்கும் நெடுநாள் பழக்கம். செபாஸ்தியம்மாளுக்கு அவள் சிநேகிதி.

அவள் முறத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பாருங்கண்ணே, எப்படி இருக்கு?"

பாஸ்கல் மோந்து பார்ப்பதுபோல மூக்கருகே கொண்டுபோனார். "வழக்கம்போலத்தான். உன் கையில குறை வருமா?"

"ஏலக்காய் தூக்கலா இருக்கோ?"

"அதெல்லாம் அளவாத்தான் இருக்கு."

ஜெய்தூன் பீவி முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, நான் இதுல ஏலக்காயே இன்னும் போடலை. அந்தா, பொட்டணத்துல கட்டுனபடி இருக்கு."

பாஸ்கல் கையிலிருந்த சிட்டிகையை முறத்தில் திரும்பக் கொட்டினார்.

"ரெண்டு வருசமா பாக்குறேன். முந்தியெல்லாம் என் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, ஏ ஜெய்தூனு, பட்டை கருகிப்போச்சேன்னு சத்தம் போடுவீங்க. நானும் கோவத்துல உலக்கையைப் போடுவேன். இப்ப எதைக் குடுத்தாலும் நல்லாருக்கு, நல்லாருக்கு. வீட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரி. என்ன ஆச்சு?"

அவர் சொல்லிவிட்டார். அங்கேயே, உரலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காய்ச்சலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "செபாஸ்திகிட்டச் சொல்லிராத" என்றார்.

ஜெய்தூன் பீவி அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "செபாஸ்திக்குத் தெரியாதா இது?"

"தெரியாது."

"அட அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, அது உங்க கோயில்ல செவ்வாக்கிழமை தவறாம மெழுகுவத்தி கொளுத்துது. எதுக்குன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"நீங்க சோத்துல குத்தம் சொல்றத விட்டுட்டீங்களாம். இம்புட்டு வருசம் கேட்ட மன்றாட்டைச் சாமி கேட்டுட்டாராம். உங்க மனசை மாத்திட்டாராம். என்கிட்டச் சொல்லிச் சொல்லி அழும். நான்கூட, எங்க வீட்டு மனுசன் இருந்தப்ப இப்படி ஒரு மெழுகுவத்தி கொளுத்தத் தெரியாமப் போச்சேன்னு நினைச்சுக்குவேன்."

பாஸ்கல் மசாலாப் பொட்டணத்தை வாங்காமலே எழுந்து நடந்தார். பாதி வழியில் நினைவு வந்து திரும்பப் போய் வாங்கிக்கொண்டார்.

எதை நினைத்து நினைத்து அவர் சர்வேசுரனோடு பேச்சை முறித்துக்கொண்டாரோ, அதற்காகவே அவர் வீட்டில் ஒருத்தி வாரம் தவறாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே. ஒரே தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது முதல் தடவையாக அடுப்படி நிலைக்கதவைப் பார்த்தார். ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, கை பிடிக்கும் இடத்தில் மரம் கறுத்து வழவழவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பும் தூசியும். அந்த ஒரு இடம் மட்டும் எண்ணெய் ஏறித் தேய்ந்திருந்தது. எத்தனை வருஷம் நின்றிருப்பாள் என்று நினைத்ததும் அவருக்குக் கவளம் இறங்கவில்லை.

"ஏன், ஒடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த செபாஸ்தியம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?"

அவள் திகைத்துப்போனாள். அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சொல்லிவிடலாமா என்று அவருக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அவளுடைய நன்றி என்ன ஆகும்? உன் மன்றாட்டைச் சாமி கேட்கவில்லை, என் நாக்குத்தான் செத்துப்போயிற்று என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால், திருநாள் அன்று மறுபடியும் அந்தப் பொய். ஒரு பக்கம் அவளுடைய மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் தேக்சா.

பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியாரிடம், நாக்குக்கு ருசி இல்லை, அதை மறைத்தேன் என்றார். "இதுல பாவம் எங்கப்பா இருக்கு? டாக்டர்ட்ட காட்டினியா?" என்றார் சாமியார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். பாஸ்கல் மூன்றையும் சொன்னார். ஆனால் அன்று, நெடுநாளைக்குப் பிறகு, மந்திரம் முடிந்தும் எழுந்திருக்காமல் முழந்தாளில் இருந்தார். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் பேசினார். "உம்மை எனக்குத் தெரியும்னு நினைச்சேன். தெரியல. அவளையும் தெரியல" என்றார். இதைப் பாஸ்கல் என்னிடம் சொன்னபோது, தாம் உண்மையாகச் செய்த முதல் செபம் அதுதான் என்றார்.

திருநாள் விடிந்தது. கோயிலுக்குப் பின்னால் கோட்டை அடுப்பு எரிந்தது. செபாஸ்தியம்மாளும் மற்றப் பெண்களும் ஒரு பக்கம் வெங்காயம் உரித்தார்கள். திருநாள் காரியங்களைப் பார்க்கிற நாட்டாமை பொன்னுத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் ஏவிக்கொண்டிருந்தார்.

பாஸ்கல் தண்ணீரில் உப்பைச் சிரட்டையால் அளந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பு பாஸ்கலு, முகம் தொங்கிக்கிடக்கு? ஆடு உன்னயப் பாத்துப் பயப்படணுமா, நீ ஆட்டைப் பாத்துப் பயப்படுறியா?" என்றார் பொன்னுத்துரை.

"போங்கண்ணே."

"போன வருசத்தை மிஞ்சணும். பழனிப் பக்கத்துல இருந்தெல்லாம் சொந்தக்காரன் வந்திருக்கான். என் மானம் உன் கையில."

இப்படி அவர் பேச்சுக் கொடுத்ததில் பாஸ்கலுக்கு எத்தனை சிரட்டை போட்டோம் என்பது மறந்துபோனது. மனம் எங்கேயோ இருந்தது. இன்னொன்று போட வேண்டும் என்று தோன்றியது, போட்டார். நாக்கில் வைத்துப் பார்க்க வழக்கமும் விடாது, வைத்தாலும் பயனில்லை.

தம் உடைத்தபோது ஆவி கோயில் கோபுரத்து உயரத்துக்கு எழும்பியது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் கழுத்தை நீட்டினார்கள். பாஸ்கலுக்கு அது வெறும் ஆவி. சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பொன்னுத்துரை ஒரு வாழையிலைத் துண்டில் சோறு வைத்துப் பாஸ்கல் கையில் கொடுத்தார். கோயில் வாசல் அமைதியானது. கைக்குழந்தைகள் மட்டும் சிணுங்கின.

பாஸ்கல் கவளத்தை உருட்டினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பீடத்தைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"செபாஸ்தி, இங்க வா."

வெங்காயத் தோலை முந்தானையிலிருந்து உதறிக்கொண்டு அவள் வந்தாள். "என்னங்க?"

"கையை நீட்டு."

நீட்டினாள். முதல் கவளத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீ சாப்பிட்டுச் சொல்லு."

"நீங்கதானே சொல்லணும். எல்லாரும் பாக்குறாங்க."

"எனக்குத் தெரியாது செபாஸ்தி. காய்ச்சல்ல நாக்குப் போச்சு. அன்னையில இருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது. உப்புத் தெரியாது. நீ வைக்கிற ரசமும் தெரியாது."

குரல் தாழ்த்தித்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற பொன்னுத்துரைக்கும் முன்வரிசைக்கும் கேட்டது. செபாஸ்தியம்மாளின் கை நீட்டியபடி இருந்தது. கவளம் சுட்டிருக்க வேண்டும், அது அவளுக்குத் தெரியவில்லை. உப்பில்லாத ரசமும், நகராத தட்டும், தான் ஏற்றிய ஒவ்வொரு மெழுகுவர்த்தியும் அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தார்.

"என்னப்பா நடக்குது? பந்தி காத்துக்கிடக்கு" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

செபாஸ்தியம்மாள் கவளத்தை வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆக்கியதைப் பற்றி அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

"உப்புத் தூக்கல்" என்றாள்.

"என்னம்மா?" என்றார் பொன்னுத்துரை.

"உப்புத் தூக்கலா இருக்குன்னு சொல்றேன்." இப்போது குரல் உரக்க வந்தது. "ஒரு கை அதிகம். தயிர் வெங்காயத்துல உப்புப் போடாம குடுங்க, சரியாப் போயிரும். கறி நல்லா வெந்திருக்கு. மத்தபடி நல்லா இருக்கு."

முன்வரிசையில் இருந்தவர்கள் பொன்னுத்துரையைப் பார்த்தார்கள். பிறகு பந்தியின் கடைசியில் ஒரு கிழவர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. "பாஸ்கலுக்கே உப்புச் சொல்லிட்டாப்பா அவன் பொண்டாட்டி" என்றார்கள். பாஸ்கலும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அடுப்புப் புகை என்று யாரும் நினைத்திருக்கலாம். வழக்கப்படி மிச்சத்தை அவர்தான் சொல்ல வேண்டும். "சர்வேசுரனுக்கு நன்றி தோத்திரம்" என்றார். அந்த வார்த்தை பொய்யில்லாமல் அவர் வாயிலிருந்து வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். செபாஸ்தியம்மாள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் காலையில் பழைய சோறும் துவையலும் வைத்துவிட்டு, பழையபடி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரேன்" என்றார் பாஸ்கல்.

"எதுக்கு? நான் வச்சது உமியா தவிடான்னுகூட உங்களுக்குத் தெரியாது. நான் பைத்தியக்காரி மாதிரி மெழுகுவத்தி கொளுத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அந்த மெழுகுவத்தி தப்பில்ல."

"தப்பில்லையா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு நிம்மதி குடுக்க, உங்க நாக்கைப் பிடுங்கணுமா சாமி? அப்படிச் செய்யிறவருக்கா நான் இத்தனை நாளா நன்றி சொன்னேன்? நான் கேட்டது அது இல்லையே. உங்களுக்கு நோவு குடுன்னா கேட்டேன்?"

பாஸ்கல் படித்தவர் அல்ல. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு சொன்னார்: "காய்ச்சல் ஊருக்கே வந்துச்சு. அதை எனக்குன்னு சாமி கையெழுத்துப் போட்டு அனுப்பல. நானும் அப்படித்தான் நினைச்சு அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். என் நாக்கை அவரு எடுக்கல செபாஸ்தி. நாக்குப் போனப்புறம் நான் ஒண்ணுமத்து உக்காந்திருந்தப்ப, உன்னயக் கொண்டாந்து பக்கத்துல உக்கார வச்சாரு பாரு, அதுதான் அவரு செஞ்சது. நாக்கு இருந்த வரைக்கும் நீ நின்னது எனக்குத் தெரியவே இல்ல."

அவள் நிலைக்கதவின் கறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"நாளைக்கே நாக்குத் திரும்ப வந்தாலும் தட்டைத் தள்ள மாட்டேன்."

"வரட்டும், அப்பப் பாப்போம்" என்றாள். ஆனால் கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் துவையல் எப்படி இருக்கு? சொல்லேன்."

"என்னத்தச் சொல்ல? துவையல்தான்."

"சும்மா சொல்லு."

ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "தேங்கா கம்மி. வர மிளகா கொஞ்சம் கருகிருச்சு, அதுனால பின்னாடி ஒரு கசப்பு. புளி நல்லாப் பிடிச்சிருக்கு. சோறு நேத்துப் புளிப்பு, வெயில் காலத்துப் புளிப்பு இல்ல, லேசா."

பாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டரை வருஷத்தில் சாப்பாட்டுக்கு முன் அவர் போட்ட முதல் சிலுவை அது. சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுப் பழக்கம் அப்படி ஆகிவிட்டது. தட்டு வைத்ததும் அவள் ருசி சொல்ல வேண்டும், அவர் கேட்டுவிட்டு நன்றி சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. போகப்போக, தான் இத்தனை வருஷம் பயத்தோடு விழுங்கியதையெல்லாம் நின்று ருசிக்கக் கற்றுக்கொண்டாள். அவருக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே கவனித்துச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தியை அவள் விடவில்லை. இப்போது பாஸ்கலும் கூடப் போனார்.

தொழில் கொஞ்ச காலம் அடிவாங்கியது உண்மை. சில வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பொன்னுத்துரையே தம் மகள் கல்யாணத்துக்கு வந்து, "ரெண்டு பேரும் வாங்க. நீ ஆக்கு, தங்கச்சி உப்புப் பாக்கட்டும். உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நாக்கு இருக்குல்ல, அது போதும்" என்றார். அதன் பிறகு இருவருமாகத்தான் போனார்கள். ஜெய்தூன் பீவி மசாலாவை நேரே செபாஸ்தியம்மாள் மூக்குக்கு நீட்டினாள். அவளும் குறை சொல்லத் தொடங்கியபோது, "அண்ணனே தேவலை" என்று உலக்கையைப் போட்டாள்.

அறுபத்தைந்து வாக்கில் பூசை தமிழுக்கு வந்தது. அதுவரை அர்த்தம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்த லத்தீன் வார்த்தைகளுக்கு நடுவே நன்றி என்ற பொருள் இத்தனை தடவை இருந்ததா என்று பாஸ்கல் ஆச்சரியப்பட்டார். ருசியும் அப்படித்தானே வந்தது என்று செபாஸ்தியம்மாளிடம் சொன்னாராம். தட்டில் இருந்தது, யாரோ சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. நாக்கு அவருக்குத் திரும்ப வரவே இல்லை. அதற்காக அவர் கேட்காமல் இருந்ததும் இல்லை. "கேக்குறேன். குடுத்தாலும் சரி. இல்லாட்டி, இவ இருக்கா" என்பார்.

சின்னக் கோயில் அசனத்தில் இப்போதும் ஒருவரும் முன்கூட்டி ருசி பார்ப்பதில்லை. ஆனால் முதல் கவளத்தைச் சமையல்காரர் எடுப்பதில்லை. வெங்காயம் உரித்த பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அவள் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். பிறகு எல்லாருமாக நன்றி சொல்கிறார்கள்.

முதலில் எழுதிய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அவர்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டபோதுதான். கத்தரிக்காய்க் குழம்பு. செபாஸ்தியம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, பிஞ்சுக் கத்தரிக்காய், வெண்ணெய் மாதிரி கரைகிறது என்றாள். நானும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. பாஸ்கல் சிரித்தபடி சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

இதைப் படித்தவர்கள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, ஆக்கிப் போட்டவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவரிடம் பாஸ்கலையும் செபாஸ்தியம்மாளையும் பற்றிச் சொல்லுங்கள். அவர் வேறு ஒருவருக்குச் சொல்லட்டும்.